டொக்டருக்குக் கட்டிய காப்பு

என் கணவருக்குத் தமிழ் சரியாக வராது. அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரே ஒப்புக்கொண்ட விஷயம். ஆங்கிலப் பள்ளிக்கூடம், பிறகு கொழும்பில் வைத்தியப் படிப்பு என்று வளர்ந்த மனிதர். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது என்று நோயாளியிடம் கேட்கத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டார். அப்படிப்பட்டவர் தம் ஆயுளில் ஒரே ஒரு முறை தமிழில் பேச மேடையேறி, ஒரே ஒரு நல்ல உவமை சொன்னார். அது அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடிய, அவர் இல்லாத வீடு எனக்குப் பெரிதாகத் தெரியும்.

நாங்கள் நல்லூரில் இருந்தோம். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய காலம். வீட்டின் முன்னறைதான் டிஸ்பென்சரி. காலையில் கோயில் மணி கேட்கும்போதே விறாந்தை வாங்குகளில் ஆட்கள் வந்து குந்திவிடுவார்கள். மருந்து கலக்கும் வாசம் குசினி வரைக்கும் வரும். கலியாணமான புதிதில் அந்த வாசத்துக்கு எனக்குத் தலையிடித்தது. பிறகு அது இல்லாமல் சோறு இறங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். இப்போதும் ஏதாவது ஆஸ்பத்திரி வாசலில் அந்த வாசம் அடித்தால், கூட வருகிறவர்களை மறந்து கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

நான் பிறந்த ஊர் நீர்வேலி. வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பெண். எனக்கு ஒரே ஒரு அக்கா. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயின. முதலாவது, நான் கலியாணம் கட்டுவதற்கு முன்பு. இரண்டாவது போனபோது நான் டொக்டர் பெண்சாதி. நீர்வேலியிலிருந்து ஒருவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். இவரோ வேறொரு நோயாளியைப் பார்க்க மானிப்பாய்ப் பக்கம் போயிருந்தார். தேடிப் பிடித்து, காரில் ஏற்றி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு இவர் அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை. போனால் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பார், அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தத் துக்கத்திலிருந்துதான் அத்தானுக்குச் சங்கம் வைக்கும் எண்ணம் பிறந்தது. ஊரிலுள்ள குடும்பங்கள் மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டவேண்டும். காசில்லாதவர் ஒரு வாழைக்குலை கொடுக்கலாம். நோய் வருத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டவேண்டும். அதைக் கொண்டு ஒரு டொக்டரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊரிலேயே குடியிருத்துவது. சேர்ந்த குடும்பத்தில் யாருக்கு வருத்தம் வந்தாலும் மருந்துக்கும் வைத்தியத்துக்கும் வேறு காசு இல்லை. மேல்நாடுகளில் அரசாங்கங்களே இப்படிச் செய்கின்றன என்று அத்தான் எங்கோ வாசித்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் சுகக்காப்புச் சங்கம்.

அக்கா அப்போது மூன்றாவது தடவையாகப் பிள்ளைத்தாய்ச்சி. "இந்தமுறை ஊருக்குள்ளை ஒரு டொக்டர் இருக்கவேணும் தங்கச்சி. எனக்கு வேறையொண்டும் வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எல்லாக் கதையும் அவளுக்கு அந்த ஒன்றில்தான் வந்து முடிந்தது.

எங்கள் நல்லூர் விறாந்தையிலோ கதை வேறு. பட்டணத்து டொக்டர்மார் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். நல்ல மனிதர்கள், சிரிக்கவைக்கும் பகிடிக்காரர்கள், என் கோப்பியைப் புகழ்ந்து புகழ்ந்து இரண்டாம் கோப்பை கேட்பவர்கள். சங்கத்தின் செய்தி வந்த பின்னேரம் ஒருவர் முகத்திலும் பகிடி இல்லை.

"சுகமாயிருக்கிறவன் மருந்துக்குக் காசு கட்டுறதோ? நோயை வெத்திலை வைச்சு அழைக்கிற வேலையல்லோ உது!" என்றார் ஒருவர்.

"இண்டைக்கு நீர்வேலி, நாளைக்கு ஊருக்கு ஊர் சங்கம் வைப்பினம். பேந்து அரசாங்கம் எடுத்து நடத்தும். எங்களிட்டை ஆர் வரப்போயினம்?" என்றார் இன்னொருவர்.

இவருக்குத்தான் கோபம் கூட. இங்கிலாந்தில் முன்னொரு காலம் அரசாங்கக் காப்புறுதியை டொக்டர்மார் எப்படி எதிர்த்தார்கள், அமெரிக்காவில் இப்போதும் எப்படி எதிர்க்கிறார்கள் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். கப்பலில் வரும் வைத்தியச் சஞ்சிகைகளை வரிவரியாக வாசிக்கிறவர். நோயாளி தனக்குப் பிடித்த டொக்டரிடம் போகும் சுதந்திரத்தைப் பறிக்கிறார்கள் என்பது இவருடைய கட்சி. அதில் நேர்மையும் இருந்தது, கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

"ஒரு வாத்தியாரும் நாலு தோட்டக்காரரும் கதிரையிலை இருந்துகொண்டு டொக்டரை வா எண்டால் வாறதும் போ எண்டால் போறதுமோ? எங்களையும் வாழைக்குலை மாதிரி ஏலத்திலை விடுவினம்" என்றார்.

வாழைக்குலையை இழுத்ததும் எனக்கு ஏறிவிட்டது. "அந்தக் குலை வித்த காசிலைதான் உங்களுக்குச் சீதனம் வந்தது" என்று தட்டத்தை வைத்துக்கொண்டே சொன்னேன். மற்ற டொக்டர்மார் கோப்பிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனாலும் அன்றைக்கு அவர்கள் கையடித்துக்கொண்டார்கள். சங்கத்தில் யார் வேலைக்குப் போனாலும், மற்ற டொக்டர் எவரும் அவரோடு சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்ப்பதில்லை. அவருடைய டிஸ்பென்சரி வாசல் படலைக்குள் காலடி வைப்பதில்லை. முதலில் கையை நீட்டியவர் என் கணவர்.

அதற்குப் பிறகும் ஒருவர் வேலைக்கு வந்தார். அப்போதுதான் படித்து முடித்த இளம் டொக்டர். பருத்தித்துறைப் பெடியன், கடலோடிக் குடும்பம். தகப்பன் கடலோடு போய்விட்டார், தாய் தனியே இருந்தா. நீர்வேலி பருத்தித்துறை வீதியில் இருப்பதால், சனிக்கிழமை பஸ் ஏறித் தாயைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் அவர் அந்த வேலையை எடுத்ததற்குப் பெரிய காரணம். சங்கம் வீதியோரத்தில் ஒரு வீட்டை எடுத்து, முன்னறையில் மருந்தும் பின்னறையில் கட்டிலும் போட்டுக் கொடுத்தது.

பட்டணத்தார் சும்மா இருக்கவில்லை. சந்தை கூடும் நாட்களில் பறையடித்து நோட்டீஸ் கொடுத்தார்கள். வெற்றிலை வைத்து நோயை அழைக்கும் கதை அதில் தலைப்பிலேயே வந்தது. சங்கத்து மருந்து சாயத் தண்ணீர் என்றார்கள். எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது, யாருக்கு என்ன வருத்தமென்று சங்கக் கூட்டத்தில் வாசிப்பார்கள் என்ற கதைதான். குமர்ப் பெண்கள் இருக்கும் வீடுகளெல்லாம் ஒதுங்கிக்கொண்டன. சேர்ந்திருந்த கொஞ்சப் பேரும் விலகப் பார்த்தார்கள். இப்படியே போனால் டொக்டருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை, அக்காவுக்குப் பிள்ளை பிறக்குமுன் சங்கம் படுத்துவிடும் என்று அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி அடியாக நீர்வேலிப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கூட்டம் போட்டு, தமிழிலேயே பேசுவது என்று இவர் தீர்மானித்தார். ஊரின் மருமகன் சொன்னால் எடுபடும் என்று மற்றவர்களும் ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், கோயில்லை காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாதெண்டு சொல்லுறவை, என்ன?"

"ஓம். ஏன்?"

"சுகக்காப்பெண்டு பேர் வைச்சிருக்கினமல்லோ. அதை வைச்சே மடக்கப்போறன்."

"வேண்டாம். எங்கடை சனத்திட்டைக் காப்புக் கதை எடுக்காதேங்கோ. அவைக்கு அதைப்பற்றி உங்களிலும் கூடத் தெரியும்."

கேட்கிற ஆளா இவர்? தமிழில் தமக்குத் தானாக வந்த முதல் உவமை. அதை விட மனம் வரவில்லை.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. நான் பெண்கள் பக்கத்தில், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். இவர் கோட்டுப் போடாமல் வேட்டி சால்வையோடு வந்திருந்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. தடுமாறித் தடுமாறித் தொடங்கி, அந்த இடத்துக்கு வந்ததும் குரல் ஏறியது.

"இது உங்களைக் காக்கிற காப்பில்லை. கையிலை கட்டுற காப்பு! காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது. உந்தச் சங்கத்திலை சேர்ந்தால் உந்த ஒரு டொக்டரோடை நீங்கள் கட்டுப்பட்டுப்போவியள். வேறை டொக்டரிட்டைப் போகேலாது!"

 சனம் யோசிக்கத் தொடங்கியது தெரிந்தது. அக்காவின் கை குளிர்ந்துபோய் என் மடியில் கிடந்தது. நான் முதலும் கடைசியுமாக என் கணவர் தோற்கவேண்டுமென்று பிள்ளையாரை வேண்டியது அந்த நிமிடத்தில்தான்.

அப்போது ஒருவர் எழும்பினார். எங்கள் ஊரில் அவரை அப்புக்காத்தர் என்போம். அப்புக்காத்து என்றால் கோட்டில் வழக்குப் பேசுகிறவர். எங்கள் அப்புக்காத்தர் அப்படி ஒன்றும் படித்தவரல்ல, வாழைத்தோட்டக்காரர்தான். வேலிக்கும் கிணற்றுப் பங்குக்குமாக ஆயுள் முழுக்கக் கோட்டுப்படி ஏறி இறங்கியதில் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. சால்வையை இடுப்பில் கட்டினார்.

"டொக்டர் மருமகனிட்டை ஒரு சின்னக் கேள்வி. காப்புச் சனத்துக்கோ கட்டுறது? ஐயருக்கல்லோ கட்டுறது?"

இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் பக்கத்துக் கோயில்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். விரதம் பிடிக்கிறவர்களும் கையில் காப்பு நூல் கட்டுவார்கள், அது வேறு. எல்லை தாண்டாத காப்பு என்றால் அது திருவிழாக் காப்பு. கொடியேற்றத்துக்கு முன் அந்தத் திருவிழாவை நடத்தும் ஐயரின் கையில் அது கட்டப்படும். கட்டினால் கொடி இறங்கும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். தம் வீட்டில் சாவு விழுந்தாலும் போகமாட்டார், தீட்டுத் துடக்கும் அவரைத் தீண்டாது. கட்டுப்படுகிறவர் அவர்தான். சனம் வழக்கம்போலத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

அப்புக்காத்தர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "இவ்வளவு காலமும் எங்களுக்கு வந்த ஆக்கினை என்ன? சனம் ஓடினதோ, டொக்டர் ஓடினதோ? தேவைப்படேக்கை ஒருத்தரும் ஊருக்குள்ளை இல்லை. எங்கடை மருமகன் நல்ல வழி சொல்லிப்போட்டார். டொக்டருக்குக் காப்பைக் கட்டுங்கோ. அடுத்த வருசம் பிள்ளையாற்றை கொடி இறங்குமட்டும் அவர் எல்லை தாண்டப்படாது. அப்பிடியெண்டால் என்ரை குடும்பம் சேருது!"

மண்டபம் கிளம்பிவிட்டது. "ஓம், ஓம், கட்டுங்கோ!" என்று நாலாபக்கமும் சத்தம். இவர் மேடையில் நின்று "நான் அப்பிடிச் சொல்லேல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அத்தானுக்குத்தான் வெட்கம். மேல்நாட்டு முறையில் சங்கம் வைக்க வெளிக்கிட்டவர் கடைசியில் மஞ்சள் நூலில் வந்து நிற்கிறாரே! ஆனால் அந்த இளம் டொக்டர் பின்வரிசை வாங்கிலிருந்து எழுந்து வந்து வலது கையை நீட்டினார். தாயை நினைத்து அவர் முகம் ஒருக்கால் மாறியதை நான் கண்டேன். நீட்டிய கையை எடுக்கவில்லை.

பிள்ளையார் கோயிலில் ஐயர் காப்பைக் கட்டினார். கடற்கரைப் பெடியனுக்கு எங்கள் கோயிலில் காப்போ என்று முணுமுணுத்த வாய்களும் இருந்தன. "உவன்ரை கையாலை மருந்து வாங்கேக்கை கேக்காத கேள்வியை இப்ப ஏன் கேக்கிறியள்?" என்று அப்புக்காத்தர் ஒரே போடாய்ப் போட்டார். பிறகு டொக்டரைக் கூட்டிக்கொண்டு நடந்து எல்லைகளைக் காட்டிவைத்தார். கோப்பாய்ப் பக்கம் மதகு, புத்தூர்ப் பக்கம் ஆலமரம். அன்றிலிருந்து சனம் சங்கத்தில் வந்து சேர்ந்தபடி இருந்தது.

இளம் டொக்டர் சொன்ன சொல் மாறவில்லை. பருத்தித்துறை பஸ் அவருடைய வாசலால்தான் போகும். சனிக்கிழமைகளில் அதைப் பார்த்தபடி நிற்பார். தாய்தான் பஸ் ஏறி வந்தா. சின்ன உருவம், பெரிய குரல். ஓலைப்பெட்டி நிறைய மொறுமொறுவென்று பருத்தித்துறை வடை கொண்டுவந்து, அங்கே இருக்கும் நோயாளிகளுக்கெல்லாம் கொடுப்பா. "கடலுக்குப் போன மனிசனும் வருசத்திலை ஒருக்கால் வீட்டை வந்திட்டுப் போனது. நீர்வேலிக்கு வந்த பெடியன் வாறானில்லை" என்று உரத்துச் சொல்லிச் சிரிப்பா. அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பயப்பிடாதை பிள்ளை, என்ரை பெடியன் இருக்கிறான்" என்பா. நான் அக்காவைப் பார்க்கப் போகும் நாட்களில் அந்த வடைக்காகவே கொஞ்சம் காத்திருந்திருக்கிறேன். அந்த மாதிரி வடையை நான் பிறகு எங்கும் சாப்பிடவில்லை.

அக்காவுக்குப் பிரசவ நோ தொடங்கியது ஒரு காலை நேரம். சங்கத்து டிஸ்பென்சரியின் பின்னறைக் கட்டிலுக்கு அவளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஆள் வந்தது. இவர் டிரைவரிடம் காரை எடுக்கச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். டிஸ்பென்சரிக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கார் நின்றது. இவர் இறங்கவில்லை. படலைக்குள் கால் வைப்பதில்லை என்று கையடித்தவரல்லவா? நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. இளம் டொக்டர் நெற்றி வேர்வையைத் துடைக்கவும் நேரமில்லாமல் நின்றார். மத்தியானமளவில் தந்திச் சேவகன் சைக்கிளில் வந்தான். பருத்தித்துறைத் தந்தி. தாய்க்கு வருத்தம் கடுமை, உடனே வா. அத்தான் அதை வாசித்துவிட்டு இளம் டொக்டரிடம் கொடுத்தார். டொக்டர் ஒருமுறை பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு திரும்பவும் கையைக் கழுவினார்.

"போங்கோ தம்பி. பெத்த தாயல்லோ?" என்றார் அத்தான்.

"அக்காவை இப்பிடி விட்டிட்டு நான் எங்கை போறது, வாத்தியார்? காப்பும் கட்டியிருக்கு."

காப்புக் கட்டச் சொன்ன சனம் முழுக்க முற்றத்தில் நின்றது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.  கட்டிலில் அக்கா, "அவரைப் போகச் சொல்லு தங்கச்சி" என்றாள். போனால் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னாள். அதைக் கேட்டதும் நான் எழும்பினேன். படலையைத் தள்ளிக்கொண்டு காருக்குப் போனேன். இவர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். வாசிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"உள்ளுக்கை ஒரு பெடியன் தாயின்ரை தந்தியைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு என்ரை அக்காவின்ரை உயிரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். நீங்கள் இருந்து பேப்பரை வாசிச்சு முடியுங்கோ."

 நான் கெஞ்சவில்லை. இவர் பேப்பரை மடித்தார், ஆசனத்தில் வைத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இறங்கினார். படலையடியில் ஒரு கணம் நின்றார்.  பிறகு உள்ளே போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்தப் பெடியனோடு ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் கதைத்தார். கதைத்து முடிய, "என்ரை கார் நிக்குது, டிரைவர் நிக்கிறான். நீர் போம்" என்றார்.

பெடியன் தன் கையைப் பார்த்தார். அந்த நூலைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள். அப்புக்காத்தர் முற்றத்திலிருந்து படியேறி வந்தார். "இன்னொரு ஐயர் காப்புக் கட்டினால் முதல் ஐயர் எல்லை தாண்டலாம்" என்றார். எந்த ஆகமத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் கிழவர் இட்டுக்கட்டியதாகத்தான் இருக்கவேண்டும். கோட்டில் பழகிய வாயல்லவா?

"அப்ப எனக்குக் கட்டுங்கோ, கெதியா" என்று இவர் வலது கையை நீட்டினார். ஐயரைக் கூப்பிட நேரமில்லை. சாமி படத்தடியில் இருந்த மஞ்சள் நூலை எடுத்து அப்புக்காத்தரே கட்டினார்.  கட்டி முடிந்ததும் கார் பருத்தித்துறைப் பக்கம் பறந்தது. இவர் போய் கையைக் கழுவினார்.

பின்னேரம் பிள்ளை அழுதது. பெண்பிள்ளை. நான் பின்னறை வாசலில் இருந்து அழுதேன், அத்தான் முற்றத்தில் நின்று அழுதார். அக்கா அழவில்லை. பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு இவரைப் பார்த்து, "வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ, தங்கச்சி சமைப்பாள்" என்றாள். அத்தனை காலத்துக்குப் பிறகு இவர் அந்த வீட்டில் இருந்து சாப்பிட்டார். வாழைப்பூ வறையும் மோரும்தான். இரண்டாவது தரமும் சோறு கேட்டு வாங்கினார்.

இளம் டொக்டர் தாயின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துதான் திரும்பி வந்தார். அதுவரை அவருடைய நோயாளிகளை இவர்தான் எல்லை தாண்டாமல் பார்த்தார், நானும் அக்கா வீட்டில் நின்றேன். மழித்த தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவர் சங்கத்து விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினார்.

"நான் போகேக்கை அம்மாவுக்கு நினைவிருந்தது. என்னைக் கண்டவுடனை, 'உன்ரை காப்பு என்ன மாதிரி?' எண்டுதான் கேட்டவ. 'வேறையொருத்தர் கட்டிக்கொண்டார், அதுதான் வந்தனான்' எண்டன். 'ஆரடா அது?' எண்டா. 'எங்களுக்கெதிரா நோட்டீஸ் அடிச்ச டொக்டர்' எண்டன். அம்மா சிரிச்சவ. கனநேரம் சிரிச்சவ. அடுத்த நாள்தான் போனவ."

இவர் எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார்.

அன்றைக்கே நல்லூருக்குத் திரும்பலாம் என்று நினைத்தோம். இவர் அப்புக்காத்தரிடம் கையை நீட்டி, "அம்மான், தம்பி வந்திட்டார். இனி இதை அவிழ்க்கலாமோ?" என்றார்.

"கொடி இறங்கேல்லையே, மருமகன்" என்றார் அப்புக்காத்தர். "தம்பியின்ரை காப்புத் தம்பிக்கு. உங்கடை காப்பு உங்களுக்கு."

நான் இவர் பாய்வார் என்று பார்த்தேன். அந்த நூலை இழுத்தால் அறுந்துவிடும். இவர் சாத்திரம் சம்பிரதாயம் நம்புகிற ஆளுமல்ல. பட்டணத்து டொக்டர்மார் ஏற்கனவே முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார்கள். எங்கள் விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுபோயிருந்தது. இன்னும் நாள் போனால் நல்லூர் நோயாளிகளும் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். இவர் கையைத் திருப்பித் திருப்பி நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் நல்லூருக்குப் போய் வீட்டைப் பூட்டிப்போட்டு, உடுப்பெல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

காரை நோயாளிகளுக்கென்று ஊரில் விட்டதால், அடுத்த நாள் பின்னேரம் ஒரு பெரிய பெட்டியோடு பஸ்ஸில் வந்தேன். மதகு தாண்டி நிறுத்தச் சொல்லியும் பஸ்காரன் கதை பராக்கில் கோப்பாய்ப் பக்கமே, மதகுக்கு இந்தப் புறம் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மதகுக்கு அந்தப் புறம் இவர் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் மஞ்சள் நூல். எனக்குப் பெட்டியைத் தூக்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, ஒருக்கால் வந்து பிடியுங்கோவன். ஒரு எட்டுத்தானே!"

"ஏலாதப்பா" என்றார் என் கணவர். "காப்புக் கட்டியிருக்கு."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. கையை மட்டும் எட்டின மட்டுக்கும் நீட்டிக்கொண்டு மதகின் நுனியில் நின்றார். நான் பெட்டியை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் அந்தக் கையில் கொடுத்துவிட்டு, எல்லையைத் தாண்டி அவர் பக்கம் போனேன்.